அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதம்

போன மாதம் ஒரு முற்பகலில் தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். பதுளையில் நான் இருபத்தாறு வருடங்கள் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது தொழில் உத்தியோகத்தராக இருப்பவள் அவள். மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது சந்தேகம் கேட்பாள். ஓய்வு பெற்றவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

விஷயம் இதுதான். ஒரு தனியார் நிறுவனம். முதலாளி பக்தி மிகுந்த கிறிஸ்தவர். திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் கூடி முழங்காலில் நின்று ஜெபம் பண்ண வேண்டும் என்பது அங்கே விதி. வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிற இந்துப் பிள்ளை, "நான் வெளியில நிக்கிறேனுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு நிறுவனம் எழுத்திலேயே பதில் கொடுத்துவிட்டது. இது நிறுவனத்தின் மத நம்பிக்கையாம். அதை ஊழியர்களைக் கொண்டு நடத்துவது நிறுவனத்தின் மத சுதந்திரமாம்.

"அதனால மிஸ், அந்தப் புள்ள பேருல நானே ஒரு லெட்டர் எழுதியிருக்கேன். ஜெபத்துல இருந்து விலக்குத் தரச் சொல்லி, தயவாக் கேட்டு. நல்லவிதமா கேட்டா குடுத்துருவாங்க, இல்லையா? வாசிக்கவா?"

"வாசிக்காத! கிழிச்சுப் போடு!"

நான் கத்தியது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். தர்ஷினி பயந்துபோய், "அப்புறம் எடுக்கிறேன் மிஸ்" என்று வைத்துவிட்டாள். பாவம், அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதே மேசையில் உட்கார்ந்து அதே மாதிரி ஒரு கடிதத்தை எழுதிய இன்னொருத்தி மேல்தான் கோபம். அந்த இன்னொருத்தி நான். அந்தக் கடிதம் என்ன செய்தது என்பதை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அதை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே தேயிலை காயவைத்த அந்த மனுஷன், இந்த நாட்டுப் பிரஜை ஆவதற்கே விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. அதனால் எங்களுக்குக் கடுதாசி என்பது சோறு, தண்ணீர் போல ஆகிவிட்டது. கூரை ஒழுகினால் தோட்டத்து மனேஜருக்கு, எங்கள் பேச்சில் துரைக்கு, கடுதாசி. கல்யாணத்துக்குப் பந்தல் போடக் கடுதாசி. பிரசவத்துக்கு லொறி கேட்டுக் கடுதாசி. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே மொத்த லயத்துக்கும் நான்தான் எழுதிக்கொடுப்பேன். "தயவான பெரிய துரை அவர்களுக்கு, மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது" என்று தூக்கத்திலும் எழுதுவேன். அந்தத் தாழ்மை கையில் ஊறிவிட்டது என்பது எனக்கே தெரியாது.

படித்தேன், பரீட்சை எழுதினேன், கொழும்பில் பயிற்சி எடுத்தேன். அந்த மாதங்களில் சட்டப் புத்தகங்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மனப்பாடம் செய்ததைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. வேலை கற்றது பதுளைத் தொழில் அலுவலகத்தில், அதாவது எங்கள் கந்தோரில், சிவபாதம் ஐயாவிடம்.

அவர் எங்கள் உதவித் தொழில் ஆணையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, பேனைக்கு ஒரு பை, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பை. யாரையும் பாராட்ட மாட்டார். விசாரணை அறையில் அவருக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிக் கதிரை. கம்பனிக்காரருக்குக் கைப்பிடிக் கதிரையும் தொழிலாளிக்கு வாங்குப் பலகையும் போட்டால் விசாரணையைத் தொடங்கவே மாட்டார். தொழிலாளி உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். வாக்குமூலம் எழுதி முடிந்ததும், சொன்னவருக்கு அவர் பேசுகிற பேச்சிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம்.

நான் கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அந்த மனுசன் கேட்டது என்ன? நீர் எழுதினது என்ன?"

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நூல் விலகியிருந்தாலும் கோப்புத் திரும்பி வரும். "அவர் வேலையைத்தான் கேட்டவர் பிள்ளை. நீர் இரக்கம் கேட்டு எழுதியிருக்கிறீர். இரக்கத்துக்கு இஞ்ச படிவம் இல்லை" என்பார். அப்போது எனக்கு ரோஷம் வரும். இந்தத் தோட்டத்து ஆட்களின் நிலைமை இவருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் பொருமுவேன்.

மதமும் வேலையும் மோதிக்கொள்கிற முறைப்பாடுகள் எப்போதாவதுதான் வரும். ஒரு தடவை ஒரு சபை நடத்திய விடுதியில் சமையல் செய்த அம்மா வந்தார். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்ததற்காக வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். சபையின் சார்பில் வந்த போதகர் மரியாதையான மனிதர். தங்கள் சபைக்குத் தங்கள் நம்பிக்கைப்படி நடக்க உரிமை இருக்கிறது என்றார். சிவபாதம் ஐயா தலையை ஆட்டினார்.

"உண்மைதான். உங்கட உபதேசியார் ஆர், உங்கட பீடத்தில நிண்டு பேசிறவர் ஆர் எண்டு தீர்மானிக்கிறது நீங்கள். அதுக்குள்ள நான் மூக்கை நுழைக்க மாட்டன். ஆனா போதகர் ஐயா, சோறு காய்ச்சிறதுக்கு ஞானஸ்நானம் வேணுமோ?"

போதகரே சிரித்துவிட்டார். அந்த அம்மா அடுத்த நாளே அடுப்படிக்குத் திரும்பினார், திருநீற்றோடு. சபைக்கு ஓர் எல்லை, சமையற்காரிக்கு ஓர் எல்லை. அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டும் மருதையின் விஷயத்தில் எனக்குப் புத்தி வரவில்லை.

மருதை கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரில் வேலை செய்தவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஐம்பது வயதிருக்கும். எங்கள் கந்தோருக்கு வந்த அன்று துவைத்த சேர்ட்டை மேல்பட்டன் வரை பூட்டியிருந்தார். கதிரை நுனியில் உட்கார்ந்து கதையைச் சொன்னார்.

மலையகத்து ஸ்டோர்களில் ரோதமுனி என்று ஒரு சாமி உண்டு. ரோதை என்றால் சக்கரம். சுழல்கிற சக்கரங்களுக்குக் காவல் அந்த முனி. மெஷின் பக்கத்தில் ஒரு கல், ஒரு சூலம், ஒரு விளக்கு, அவ்வளவுதான் கோயில். கை கால் சக்கரத்தில் அகப்படாமல் காப்பாற்றுகிறவர் என்று என் அப்பாவும் கும்பிட்டார், நானும் கும்பிட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு பூசை. முதல் ரோலரில் நிற்கிறவர்தான் தேங்காய் உடைத்து, சுவிட்சுக்குப் பொட்டு வைத்து, மெஷினைப் போட வேண்டும். அந்த ஸ்டோரில் பல வருடங்களாக அதைச் செய்தவர் மருதை.

அவருடைய மனைவி செல்லம்மா கொழுந்து பறிக்கப் போன இடத்தில் சறுக்கி விழுந்து இடுப்பு உடைந்தவர். ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தும் எழுந்து நடக்க முடியவில்லை. பெரகலையில் ஒரு சிறிய சபை இருந்தது. அதிலிருந்து சிலர் வந்து அவருடைய கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபம் பண்ணினார்கள், பாட்டுப் பாடினார்கள். நடை வரவில்லை. ஆனால் விழுந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்த அந்தப் பெண், பாட்டுச் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் திரும்பினாராம்.

"மொதல்ல அவளுக்காகத்தான் ஒக்காந்திருந்தேனுங்க மிஸ். பொறகு எனக்கே மனசு அதுல போயிருச்சு. யாரும் காசு குடுத்து மாத்தலீங்க, அப்புடிச் சொல்றாங்க, அது பொய்யுங்க."

சபையில் சேர்ந்த பிறகு மருதை டீமேக்கரிடம் போய், அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் போய், பணிவாகவே சொல்லியிருக்கிறார். பூசைக்கு ஸ்டோரைக் கழுவித் தருகிறேன், சாமான் தூக்குகிறேன், தேங்காயை மட்டும் வேறு யாராவது உடைக்கட்டும். முதல் வருடம் அப்படியே நடந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பூசை முடிந்து சில நாளில் இன்னொரு தொழிலாளியின் விரல் ரோலரில் நசுங்கியது. காவல் தகடு கழன்று கிடந்ததை மாதக்கணக்கில் யாரும் பூட்டவில்லை. ஆனால் தகட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முனி கோபித்துக்கொண்டது, காரணம் மருதை என்றார்கள். கழன்ற தகட்டுக்குக் கம்பனி பதில் சொல்ல வேண்டும். கோபித்த முனிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு வசதி பாருங்கள்!

பெரிய துரை கடிதம் கொடுத்தார். தோட்டத்தின் பாரம்பரியப் பூசையில் தன் கடமையைச் செய்ய மறுத்தது கட்டளை மீறல், வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறீர். பூசையை இன்னொரு தடவை வைத்து, மருதை வந்து தேங்காய் உடைத்தால் திரும்ப எடுக்கலாம். அதோடு, ஞாயிற்றுக்கிழமை லயத்தில் ஆட்களைக் கூட்டிப் பாடுவதையும் நிறுத்த வேண்டும் என்று வாயால் ஒரு கட்டளை.

"வேல போனாலும் பரவால்லீங்க மிஸ். ஞாயித்துக்கெழமையில கை வைக்காம இருந்தாப் போதும். வாரம் பூரா அவ அந்த ஒரு நாளுக்குத்தான் இருக்கா. தூக்கிட்டுப் பெரகலைக்குப் போக ஏலாதுங்க. முன்னூறு படி."

வேலையை நிறுத்தியது எங்கள் திணைக்களத்துக்குரிய விஷயம். முறைப்பாட்டைப் பதிந்தேன், வாசித்துக் காட்டினேன், கையொப்பம் வாங்கினேன். லயத்தில் நடக்கும் ஜெபம் எங்களுக்குரியதில்லை. அந்த இடத்தில் நான் பேனையை மூடியிருக்க வேண்டும். அல்லது சரியான ஆளிடம் அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? உதவி செய்தேன்!

"துரையோட மோத வேணாம். நல்லவிதமா ஒரு கடுதாசி குடுப்போம். கேட்டா ஏன் இல்லங்கப் போறாரு?" என்றேன். ஒரு தாளை எடுத்து என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். எனது லயக் காம்பராவில் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடத்துவதற்கு அனுமதி தந்துதவுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மருதை கையொப்பமிட்டார். கதவடியில் நின்று இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

விசாரணைக்கு மூன்று கிழமை இருந்தது. இரு தரப்புக்கும் அறிவித்தல் அனுப்பினேன். குறித்த நாளில் பெரிய துரையும் கொழும்பிலிருந்து கம்பனியின் சட்டத்தரணி ஒருவரும் வந்தார்கள். மருதையின் பக்கத்தில் மருதை மட்டும்தான். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. மதம் மாறினவனுக்காகப் பேசினால் சந்தா குறையும் என்று பயந்திருப்பார்.

சட்டத்தரணி நன்றாகப் பேசினார். தோட்டம் ஒரு குடும்பம் என்றார். குடும்பத்துக்கு ஒரு வழிபாடு உண்டு என்றார். நாட்டில் எல்லோருக்கும் மத சுதந்திரம் இருக்கும்போது கம்பனிக்கு மட்டும் இல்லையா, கம்பனியும் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்தானே என்றார். சிவபாதம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்பனி விரதம் பிடிக்கிறதோ?"

"ஐயா, நான் சொல்வது..."

"கம்பனிக்குச் சுகமில்லாட்டி நேர்த்தி வைக்கிறதோ? செத்தால் எரிக்கிறதோ, புதைக்கிறதோ? எழுதிக்கொள்ள வேணும், அதுதான் கேக்கிறன்."

நான் குனிந்து எழுதுவது போல் சிரிப்பை மறைத்தேன். சட்டத்தரணிக்கு முகம் சிவந்தது. அப்போது பெரிய துரை, தொழிலாளர்களே இந்தப் பூசையை மருதைதான் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள், அதற்குச் சாட்சியாக ரோதமுனிப் பூசாரியையே கூட்டி வந்திருக்கிறேன் என்றார். வெளியில் நின்ற பூசாரி மாணிக்கத்தை உள்ளே அழைத்தார்கள். மெலிந்த மனிதர், அதே ஸ்டோரில் கூட்டுகிற வேலை. நெற்றி நிறையத் திருநீறு. இவர் சொல்லப்போவதோடு மருதையின் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சிவபாதம் ஐயா அவருக்கும் கதிரை போடச் சொன்னார். அவர் உட்கார்ந்த பிறகு கேட்டார்: "மருதை தேங்காய் உடைக்காததால முனிக்குக் கோவமோ?"

மாணிக்கம் துரையைப் பார்த்தார். பிறகு மருதையைப் பார்த்தார். வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"சாமி, முனிக்குத் தேங்கா ஒடைக்கிறதுன்னா மனசு வேணுமுங்க. மனசு இல்லாதவன் ஒடைச்சா அது வெறும் தேங்காதானுங்க. தொரை ஓடருக்கு ஒடைச்சா அது முனிக்கு இல்லீங்க. தொரைக்குத்தான். எங்க முனிக்கு அப்புடித் தேங்கா வேணாமுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொழும்புச் சட்டத்தரணிக்குத் தெரியாத சட்டம் அந்தக் கூட்டுகிற மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் அவருக்கு ஸ்டோரில் என்ன காத்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னார்.

அங்கேதான் சட்டத்தரணி தன் பையைத் திறந்தார். "ஐயா, இந்த மருதை சும்மா அப்பாவி இல்லை. அனுமதியில்லாமல் ஒரு வழிபாட்டிடம் நடத்துகிறவர். இதோ, அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்று ஒரு பிரதியை மேசையில் வைத்தார்.

என் கையெழுத்து. சிவபாதம் ஐயா அதை இரண்டு தடவை வாசித்தார். என் பக்கம் ஒரு கணம் பார்த்தார். அந்தக் கையெழுத்தை அவர் ஆயிரம் கோப்புகளில் பார்த்தவர். "இந்த விசாரணைக்கு இது சம்பந்தமில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மூன்று கிழமைக்குள் நடந்ததை அன்றுதான் மருதை சொன்னார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்றால், எனக்கு மனக்கஷ்டம் வரும் என்பதற்காகவாம்! துரை என் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. அதன் பிரதியை ஓர் அரச அலுவலகத்துக்கும் பொலிசுக்கும் அனுப்பிவிட்டார். புதிதாக வழிபாட்டிடம் கட்டுவதற்கு முன் அனுமதி எடுக்க வேண்டும் என்று அந்த நாட்களில் ஒரு சுற்றறிக்கை புழக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பொலிசார் வந்து செல்லம்மாவின் கட்டிலைச் சுற்றியிருந்த பதினொரு பேரையும் எழுந்து போகச் சொன்னார்கள். அனுமதி கேட்டிருக்கிறீர்கள்தானே, கிடைக்கும்வரை பொறுத்திருங்கள் என்று நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார்களாம்.

கட்டினார்களா? ஒரு செங்கல் வைத்தார்களா? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு நோயாளி. அது வழிபாட்டிடமாம். அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, முச்சந்தியில் புத்தர் சிலை இருக்கிறது, வளைவில் மாதா கெபி இருக்கிறது, ஸ்டோருக்குள்ளேயே ரோதமுனி இருக்கிறார். இவற்றில் எதற்கு யார் அனுமதி கேட்டு எழுதினார்கள்? எழுதியிருக்கக் கூடாது, அதுதான் சரி. ஆனால் எழுதிக் கேட்ட ஒரே இடத்தை மட்டும் மூடினார்கள்.

விசாரணை முடிந்ததும் சிவபாதம் ஐயா என்னைக் கூப்பிட்டார். "இருந்துகொள்ளும்" என்றார். அலுமாரியிலிருந்து அரசியலமைப்பை எடுத்து என் முன்னால் திறந்து வைத்து வாசிக்கச் சொன்னார், உரத்து. விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வோர் ஆளுக்கும் சுதந்திரம் உண்டு. அதைத் தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபட்டு வெளிக்காட்ட ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை உண்டு. வாசித்து முடித்தேன்.

"இதில எங்கயாவது துரையிட்டக் கேக்க வேணும் எண்டு கிடக்கோ?"

"இல்ல சேர்."

"பிறகு ஏன் பிள்ளை கேட்டு எழுதினனீர்?"

நான் அழுதேன். "நல்லவிதமா முடிக்கலாம்னு நெனச்சேன் சேர்."

"கேட்டபடியாத்தான் அவங்களுக்கு மறுக்கிறதுக்கு ஒண்டு கிடைச்சது" என்றார். பிறகு அரசியலமைப்பை எடுத்துத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "சேர், பொலிசுக்கு நாம ஒரு வரி எழுதலாமே" என்று கெஞ்சினேன். "அது எங்கட திணைக்களத்து வேலை இல்லை" என்றார். அவர் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் அந்தச் சாவி திரும்பிய சத்தத்தை நான் மன்னிக்கவில்லை. சட்டம் தெரியாத நான் கேடு செய்தேன். சட்டம் தெரிந்த அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

வேலை விஷயத்தில் வென்றோம். தேங்காய் உடைப்பது ரோலர் தொழிலாளியின் கடமைகளில் இல்லை, மருதையைப் பழைய வேலைக்கே எடுக்க வேண்டும் என்று முடிவாகி, கம்பனி அதன்படி எடுத்தது. காவல் தகட்டையும் பூட்ட வைத்தார் ஐயா. மாணிக்கத்தை ஸ்டோரிலிருந்து மலைக்குப் புல்லு வெட்ட மாற்றினார்கள். அதற்கு முறைப்பாடு எழுதலாம் என்று நான் சொன்னதற்கு, "வேணாம் மிஸ், காத்து நல்லா வருது" என்று சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்காக நான் லீவு போட்டு அந்த அரச அலுவலகத்துக்குப் போனேன். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கோப்பைத் திறந்து காட்டினார். என் கடிதத்தின் பிரதிக்கு முத்திரை குத்தி, இலக்கம் போட்டு, நூல் கோத்திருந்தார்கள். "பதிஞ்சதைத் திருப்பித் தர முடியாது. அனுமதி தேவையில்லைன்னா நீங்க ஏன் கேட்டீங்க?" என்றார். சிவபாதம் ஐயா கேட்ட அதே கேள்வி. அனுமதி வேண்டுமென்றால் கட்டட வரைபடம் வேண்டும், வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும், காணிக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார். காணிக்காரர் யார்? அதே கம்பனி. கம்பனியிடம் போய் இன்னொரு கடிதம் கேட்க வேண்டும்!

அடிப்படை உரிமை வழக்கு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். படுத்த படுக்கையாக மனைவியை வைத்திருக்கிற ரோலர் தொழிலாளி ஒரு மாதத்துக்குள் சட்டத்தரணியைத் தேடி, சத்தியக்கடதாசி முடித்து, மலையிறங்கிக் கொழும்புக்குப் போக வேண்டும். நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட நேரத்தில் அந்த மாதம் முடிந்துவிட்டது. ஏழைக்குச் சுதந்திரத்தை எழுதிவைத்துவிட்டு அதன் வாசல் படலையை இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போட்டது எந்த நியாயம்?

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்காரர் யாரும் அந்தக் காம்பராவுக்குள் வரவில்லை. மருதை மட்டும் கட்டிலருகே இருந்து தனக்குத் தெரிந்த இரண்டு பாட்டையும் பாடுவாராம். சத்தம் கேட்டால் பக்கத்துக் காம்பராக்காரர் முறைப்பாடு செய்வார்களோ என்று மெதுவாகப் பாடுவாராம். செல்லம்மா திரும்பவும் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். "நீங்க நல்லதுக்குத்தானே எழுதுனீங்க மிஸ்" என்று தேத்தண்ணி கொடுத்தார் மருதை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுமை குறைந்திருக்கும்.

இரண்டு வருடம் அப்படிக் கிடந்து செல்லம்மா இறந்துபோனார். செய்தி கிடைத்து நான் போனபோது பகல் பதினொரு மணி. முன்னூறு படியும் ஏறி மேலே வருமுன்னே பாட்டுக் கேட்டது. அந்தக் காம்பரா நிறைய ஆட்கள், வாசல் நிறைய ஆட்கள், பெரகலையிலிருந்து வந்த சபை முழுவதும் இருந்தது. புல்லு வெட்டுகிற கத்தியை வெளியில் சாத்திவிட்டுப் பூசாரி மாணிக்கமும் திருநீற்றோடு கூட்டத்தில் நின்றார். அன்றைக்கு மூடச் சொல்லி வந்த அதே பொலிஸ்காரரும் யாரோ சொல்லி வந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "மரண வீடுதானே, பாடுங்க, பாடுங்க" என்று தன் தமிழில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மருதை என்னைக் கண்டு எழுந்து வந்தார். உள்ளே காட்டினார்.

"பாத்தீங்களா மிஸ்? எல்லாரும் வந்து அவளச் சுத்தி ஒக்காந்திருக்காங்க. இன்னைக்கு ஒருத்தரும் கடுதாசி கேக்கலீங்க."

அவர் குத்திக் காட்டவில்லை. அப்படிப்பட்டவர் இல்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். நான் அந்த வாசலில், செருப்பைக் கழற்றிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதையெல்லாம், தர்ஷினியிடம் கத்தியதற்கு அடுத்த நாள், நானே அவளை அழைத்துச் சொன்னேன். சபைக்கு அதன் பீடம் உண்டு, சாமிக்கு அதன் கல் உண்டு, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் சம்பளம் கொடுக்கிற கம்பனிக்கு முழங்காலும் இல்லை, கும்பிடக் கையும் இல்லை. அதனால்தான் நம் பிள்ளைகளின் முழங்காலைக் கேட்கிறது என்றேன். பிறகு, "அப்ப அந்தப் புள்ள என்ன எழுதட்டும் மிஸ்?" என்று கேட்டாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை ஜெபத்தில் நான் கலந்துகொள்ள மாட்டேன். வேலை தொடங்கும் நேரத்துக்கு என் இடத்தில் இருப்பேன்.

"இவ்வளவுதானா? தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்னு கடைசியில போடலையா?"

"போடாத. பேர மட்டும் போடச் சொல்லு."